அக்கா வாசித்த சிங்களப் பத்திரிகை

போன சனிக்கிழமை பலாங்கொடையில் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. பழைய புத்தகக் கடை ஒன்றில் நுழைந்தேன். ஒரு மூலையில் சிங்களச் சித்திரக் கதைப் பத்திரிகைகள் ஒரு கட்டு. மேலே இருந்த அட்டையைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. மலை உச்சியில், தலைமுடி காற்றில் பறக்க, ஒரு பெண்...

அவளை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். என் முதல் நாவலில் மலையை விழுங்குகிறாளே, அவள்தான்! "உங்களைப் பாதித்த வாசிப்பு எது?" என்று யார் கேட்டாலும் இந்தப் பத்திரிகையைத்தான் சொல்வேன். வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியிலேயே முன்பு இரண்டு தடவை சொல்லியாயிற்று, இல்லையா?

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மா வீட்டு வேலைக்காக சவூதிக்குப் போன வருஷம். ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். தமிழில் வாசிக்க ஒன்றும் கிடைக்காது. அக்காவுக்குப் பதின்மூன்று வயது. பக்கத்துக் கிராமத்துச் சிங்களத் தோழியிடம் இந்தப் பத்திரிகையை இரவல் வாங்கி வருவாள். சிங்களம் சரளமாகப் பேசுவாள். எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. படத்தில் விரலை வைத்து அவள் தமிழில் சொல்லச் சொல்ல, நான் வாய் பிளந்து கேட்பேன். வீட்டுக்கு வரும் வழியை மறித்த மலையை அப்படியே விழுங்கிவிட்ட பெண்... என்ன கதை அது!

வேலைக்குப் போன பிறகு சிங்களம் வாசிக்கப் பழகிக்கொண்டேன். எனவே பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஆசையாகப் பிரித்தேன்.

யாரும் மலையை விழுங்கவில்லை. அது துப்பறியும் கதை! அந்தப் பெண் ஒரு மாணிக்கக்கல் திருடனின் மனைவி. போலீஸ் வருகிறதா என்று பார்க்க மேலே ஏறி நிற்கிறாள். அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிறு. அக்காவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை இல்லை. வீட்டு வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பத்திரிகையை நீட்டினேன்.

"என்னாக்கா இது? நீ சொன்னது ஒண்ணுமே இதுல இல்லியே?"

அட்டையைப் பார்த்துச் சிரித்தாள். "பேசத்தான் புள்ள தெரியும். எழுத்து எங்க தெரியும்? படத்தப் பார்த்து அடிச்சு விட்டேன்."

"ஏன்?"

"அம்மா வேணும்னு நீ ஒரே அழுகை. சோறும் திங்கல. வேற என்னா பண்றது?"

இத்தனை பேட்டிகளில் ஒன்றில்கூட நான் அவள் பெயரைச் சொன்னதில்லை.

எழுத்தாளர்கள் தரும் 'பிடித்த புத்தகங்கள்' லிஸ்ட்டை முழுசாக நம்பாதீர்கள். நாங்கள் பொய் சொல்வதில்லை — பல நேரம் எங்களுக்கே தெரியாது.

"அடுத்த பதிப்புல உன் பேரப் போடுறேன்க்கா. கதை உன்னோடதுதானே."

"பேரெல்லாம் எதுக்கு?" துணியைப் பிழிந்தாள். "ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். நான் சொன்ன கதையில அவ மலைய முழுங்கிட்டு வீட்டுக்கு வந்துருவா. நீ ஏன் நாவல்ல அவள அங்கயே கல்லாக்கிட்ட?"

"அப்பதான்க்கா கதை மனசுல நிக்கும்..."

"நாலு வருஷம் கழிச்சு அம்மா வந்துச்சுல்ல? நெசத்துலயே வந்துருச்சு. கதையில வந்தா என்னா?"

திங்கட்கிழமை பதிப்பாளருக்கு போன் போட்டேன். இரண்டாம் பதிப்பில் அந்த மலை விழுங்கி வீட்டுக்கு வருகிறாள். அக்கா பெயரும் வருகிறது — அவள் பேச்சைக் கேட்காமலே.