துருக்கிக் கடலில நான் பார்த்த தூது வேலை

எங்கட அப்பாவும் பெரியப்பாவும் கதைக்கிறேல்ல. அப்பா சிட்னியில, பெரியப்பா லண்டனில. அதால கதைக்காமல் இருக்கிறது ரெண்டு பேருக்கும் பெரிய கஷ்டமாவும் இருக்கேல்ல. ஒரே தெருவில இருந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போறதெண்டால்தான் ஆளுக்கு முயற்சி வேணும். இவை ஆளுக்கொரு கண்டத்தில சொகுசா இருந்து கோவிச்சுக்கொண்டிருந்தவை.

கோவம் வந்தது அப்பப்பான்ர செத்த வீட்டில. அவர் மன்னாரில மோசம் போனவர். செய்தி வந்த உடன அப்பா சிட்னியில எங்கட லிட்கம் வீட்டில இருந்து வேலைச் சட்டையைக்கூட மாத்தாமல் எயார்போட்டுக்கு ஓடினவர். வழியில ஒரு பிளேன் பிந்தி, மற்றப் பிளேன் இவரை விட்டிட்டுப் போட்டுது. பெரியப்பா முதலே போய்ச் சேந்திட்டார். அங்க நல்ல வெக்கை. தம்பி வரட்டும் தம்பி வரட்டும் எண்டு பாத்துப்போட்டு, இனி வச்சிருக்கேலாதெண்டு பெரியப்பாதான் அடக்கம் செய்யச் சொன்னவர். அப்பா போய் இறங்கேக்க சேமக்காலையில மண் போட்டு மூடி, பூவும் வச்சாச்சு.

"ஐயான்ர முகத்தை எனக்குக் காட்டாமல் மூடிப்போட்டார்." அப்பா அண்ணனைப் பற்றிச் சொல்லுறது இது மட்டும்தான். பெரியப்பா தன்ர பக்கத்து நியாயத்தை ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அவர் அப்பிடித்தான், கதவு திறந்து விடச் சொல்லுறதெண்டாலும் இருமித்தான் காட்டுவார்.

இந்தக் கதை நடக்கேக்க எனக்கு ஒன்பதோ பத்தோ வயசு. கடைசி முகம் பாக்கிறதெண்டால் பேர்த்டே வீட்டில கேக் வெட்டுற மாதிரி ஏதோ எண்டும், அப்பா பிந்திப் போனதால அவருக்குத் துண்டு கிடைக்கேல்ல எண்டும்தான் நான் விளங்கி வச்சிருந்தனான். விளக்கத்தில நான் எப்பவும் இந்தத் தரம்தான். பள்ளிக்கூடம் என்னை விட்டுதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டனானா எண்டு இப்பவும் சரியாத் தெரியாது. இப்ப பிளாக்டவுன் பக்கம் பஸ் ஓட்டுறன். அதில பெரிசா விளங்கத் தேவையில்லை, சிவப்பெண்டால் நிப்பாட்ட வேணும்.

ஆனா அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரு கோவமும் இல்லை. அம்மா குசினியில வெங்காயம் வெட்டேக்க அங்க லண்டனில பெரியம்மா தேத்தண்ணி போடுவா, நடுவில போன் சாத்தி வச்சிருக்கும். புருஷன்மாரின்ர சத்தம் கேட்டால் ரெண்டு பேரும் உடன சாம்பார்த் தூளைப் பற்றிக் கதைப்பினம். இப்பிடி வெங்காயம் வெட்டி வெட்டித்தான் அந்தத் திட்டத்தைப் போட்டிருக்கினம்.

துருக்கிக் கடலில ஒரு கிழமை பாய்க்கப்பலில போற லீவு. அம்மா அப்பாவிட்டச் சொன்னது, கப்பலில இன்னொரு லண்டன் குடும்பமும் வருகுதாம் எண்டு. பெரியம்மா பெரியப்பாவிட்டச் சொன்னது, சிட்னிக் குடும்பம் ஒண்டு வருகுதாம் எண்டு. ரெண்டு பேரும் ஞாயிறு பூசை தவறவிடாத ஆக்கள். பொய் சொல்லக் கூடாதெண்டு சுத்த உண்மையாச் சொல்லியே மனுசரை ஏமாத்தின ஆக்களை நான் அதுக்குப் பிறகு காணேல்ல.

கப்பலெண்டால் பெரிய கப்பலில்லை. மரத்தால செஞ்சு, தேன் நிறத்தில பொலிஷ் அடிச்ச வள்ளம், ரெண்டு பாய்மரம். கப்டன் ஒராள், சமைக்க ஒராள். அங்க ஒரு வழக்கம், ஏற முதல் சப்பாத்தைக் கழட்டிக் கரையில இருக்கிற கூடைக்குள்ள போட வேணும். மரத்தில கீறல் விழக் கூடாதாம், பிறகு கிழமை முழுக்க எல்லாரும் வெறுங்கால்தான். அம்மா அப்பான்ர சப்பாத்தைத் தானே குனிஞ்சு கழட்டி விட்டா. அம்மா அப்பிடிச் செய்து நான் முன்னம் கண்டதில்லை. அப்பாவும் ராசா மாதிரிக் காலை நீட்டினார். கூடையைக் கப்டன் எடுத்துக்கொண்டு போய் எங்கயோ உள்ளுக்குள்ள வச்சுப் பூட்டிப்போட்டார்.

அப்பா மேல போய் நிமிர்ந்து பாக்கிறார், முன் பக்கத்துக் கதிரையில பெரியப்பா, அவரும் வெறுங்காலோட.

அப்பா திரும்பி இறங்கப் பலகைக்கு வந்தார். ஆடி மாச வெயிலில துறைமுகத்துச் சீமெந்து தோசைக்கல்லு மாதிரிக் கொதிக்குது. ஒரு காலை வச்சார், எடுத்தார். மற்றக் காலை வச்சார், எடுத்தார். "என்ர சப்பாத்து எங்க?" எண்டார். அம்மா கடலைப் பாத்துக்கொண்டு, "வடிவான இடம் என்னப்பா?" எண்டா. பலகையை இழுத்து உள்ளுக்குப் போட்டாச்சு.

ரெண்டு பேரும் ஒரே கப்பலில, ஆனா கதைக்கேலாது. பெரியம்மான்ர பிள்ளையள் வளந்து யூனியில, அவை வரேல்ல. மிச்சம் நான் ஒராள்தான். அப்பிடித்தான் எனக்கு வாழ்க்கையில முதல் வேலை கிடைச்சது.

"பெரியப்பாட்டச் சொல்லு, அந்தக் கதிரையில நான் துவாய் போட்டு வச்சனான் எண்டு."

நான் பத்தடி நடந்து போய்ச் சொல்லுவன். பெரியப்பா, "துவாய் காத்துக்குப் பறந்திட்டுதெண்டு சொல்லு" எண்டுவார். திரும்பி வருவன். ரெண்டு பேருக்கும் மற்றாள் சொன்னது நல்ல வடிவாக் கேக்கும், ஆனா நான் வந்து சொல்லும் மட்டும் கேளாத மாதிரி இருப்பினம். போகப் போக நான் கொஞ்சம் கைச்சரக்கும் சேத்தன். துவாய் பறந்தது எண்டதை, "துவாய் உங்களோட இருக்க விருப்பமில்லாமல் பறந்திட்டுதாம்" எண்டு சொன்னன். அப்பா என்னை முறைச்சார். அங்கால பெரியப்பா பேப்பரால முகத்தை மறைச்சுக்கொண்டார், பேப்பர் ஆடினது.

அம்மாவும் பெரியம்மாவும் கப்பல் குசினியைப் பிடிச்சிட்டினம். சமையல்காரருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது, இவைக்கு ஒரு சொல் துருக்கி தெரியாது, ஆனா கப்டன் தூண்டில் போட்டு மீன் பிடிச்ச அண்டு குழம்பு கொதிச்சது. சமையல்காரர் ஒரு வாய் வச்சிட்டுக் கண்ணைத் துடைச்சுத் துடைச்சு இன்னொரு கோப்பை கேட்டார். கடலெண்டால் நான் அப்பிடிக் கண்டதில்லை. நங்கூரம் கீழ மண்ணில கிடக்கிறது மேல இருந்து தெரியும். மலை நேரா வந்து தண்ணிக்குள்ள காலை வச்சு நிக்கும், பைன் மரம் கரை வரைக்கும் இறங்கி வரும். ஒரு பாறைத் தீவில ஆடு ஒண்டு நிண்டு எங்களை ஒரு மாதிரிப் பாத்தது. நானும் அதை ஒரு மாதிரிப் பாத்தன்.

பாதிக் கிழமை போச்சு. துவாய், கதிரை, உப்புப் போத்தல், இதைத் தவிர ஒண்டும் நகரேல்ல. பின்னேரத்தில அம்மாவும் பெரியம்மாவும் பாத்திரம் கழுவிக்கொண்டு குசுகுசுத்தினம். "இந்தப் பயணமும் இப்பிடியே போனால் இனி ஏலாதக்கா, அடுத்தது ஆற்றயோ செத்த வீட்டிலதான் சந்திப்பினம்" எண்டு அம்மா சொன்னது கேட்டது. நான் நினைச்சன், என்ர வேலை போதாதெண்டு சொல்லினம் எண்டு. அடுத்த நாள் இன்னும் வேகமா ஓடினன்.

அண்டைக்கு ஒரு குடாவுக்குள்ள நங்கூரம் போட்டிருந்தது. அப்பா திடீரெண்டு சட்டையைக் கழட்டிப்போட்டுக் குதிச்சார். அப்பா நீந்துவார் எண்டே எனக்குத் தெரியாது. சிட்னி பீச்சில காற்சட்டையோட துவாயில இருந்து சாமான் பையளுக்குக் காவல் இருக்கிற மனுசன் அவர். அந்த மனுசன் தண்ணியைக் கத்தரிக்கிற மாதிரி வெட்டிக்கொண்டு போனார். நான் வாயைப் பிளந்துகொண்டு நிண்டன். இவர் ஒரு மீன்பிடிகாரன்ர மகன் எண்டு எனக்கு அப்பதான் நம்பிக்கை வந்தது. மற்றப் பக்கத்தால ஒரு சத்தம், பெரியப்பாவும் குதிச்சிட்டார். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கத்தால போய், ஆளையாள் தவிர்க்கப் போய், ஒரே பாறையில ஏறினவை. அங்க வேற பாறை இல்லை.

முதுகுக்கு முதுகு காட்டிக்கொண்டு இருந்தினம். கொஞ்ச நேரத்தால அப்பா கையைக் காட்டிக் கூப்பிட்டார், "பிள்ளை, இஞ்ச வா." உடன பெரியப்பாவும், "பிள்ளை, வந்திட்டுப் போ" எண்டார். ரெண்டு பேருக்கும் சொல்ல ஏதோ இருந்திருக்கு, சொல்ல ஆளில்லை.

எனக்கு நீந்தத் தெரியாது. பள்ளிக்கூடத்தில நீச்சல் வகுப்பில நான் தண்ணியைக் குடிச்ச அளவுக்கு ஆரும் குடிச்சிருக்க மாட்டினம். அதால எனக்கு ஒரு காத்தடிச்ச வளையம், அதில ஒரு கயிறு, கயித்தின்ர மற்றத் தலைப்பு கப்பலில. நான் வளையத்தோட இறங்கி நாய்க்குட்டி மாதிரிக் காலடிச்சுப் போனன். பாதி வழியில கயிறு இறுகினது. திரும்பிப் பாத்தால் அம்மா கயித்தைக் கையில சுத்திக்கொண்டு நிக்கிறா.

"விடுங்கோம்மா, என்னைக் கூப்பிடினம்."

"தெரியும்" எண்டா அம்மா. சொல்லிப்போட்டு இழுத்தா. பெரியம்மாவும் வந்து கைபோட்டு இழுத்தா. வலையில பட்ட திருக்கை மாதிரி நான் பின் பக்கமாக் கப்பலுக்கு வந்து சேந்தன். ஏணியில ஏத்தி, கத்த வாய் திறக்க முதல் பெரியம்மா ஒரு துண்டு வத்தகப்பழத்தை வாய்க்குள்ள வச்சிட்டா. எனக்கு வந்த கோவம் சொல்லேலாது. வேலை செய்யிற ஆளை வேலை நேரத்தில கயிறு போட்டு இழுக்கிறது எந்த நியாயம்?

பாறையில ரெண்டு பேரும் எங்களைப் பாத்துக்கொண்டு இருந்தினம். இனி ஆள் வராதெண்டு விளங்கியிருக்கும். அம்மா பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டா, கயித்தை விடேல்ல.

பிறகு பெரியப்பா திரும்பினார். அப்பா எழும்பி நிண்டு கையை வீசி வீசி ஏதோ கத்தினார். பெரியப்பா தலையைக் குனிஞ்சு எல்லாத்தையும் வாங்கினார். பேந்து மெல்லமாக் கதைக்கத் துவங்கினார். நான் அவர் அவ்வளவு கதைச்சுக் கண்டதே இல்லை. காத்து ஒருக்கா எங்கட பக்கம் திரும்பேக்க, "நான்தான்ரா வழிச்சு விட்டனான்" எண்டது மட்டும் கேட்டது. தன்ர கன்னத்தில கையை மேல இருந்து கீழ இழுத்துக் காட்டினார். நாடியைத் தூக்கிக் காட்டினார். பிறகு கையை நீட்டி அப்பான்ர கன்னத்தில அதே மாதிரி மெல்லமா இழுத்தார். அப்பா கையைத் தட்டி விடேல்ல.

"அம்மா, பெரியப்பா அப்பாவைத் தாடி வழிக்கச் சொல்லுறார்" எண்டன். அப்பா லீவெண்டு முகம் வழிக்காமல் முள்ளம்பன்றி மாதிரித்தான் இருந்தவர்.

"ஓம்" எண்டா அம்மா. வத்தகப்பழம் இன்னொரு துண்டு வந்தது.

ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில நீந்தி வந்தினம். சாப்பாட்டில பெரியப்பா மீன் தலையை எடுத்து அப்பான்ர கோப்பையில நேரா வச்சார். என்னட்ட ஒருத்தரும் ஒண்டும் சொல்லி அனுப்பேல்ல. என்னை வேலையால நிப்பாட்டிப்போட்டினம், ஒரு அறிவித்தலும் இல்லாமல்.

அடுத்த நாள் காலமை கப்டன் எஞ்சினை நிப்பாட்டிப் பாயை விரிச்சார். கப்பல் ஒரு பக்கம் சரிஞ்சு, தண்ணி மரத்தில உரசுற சத்தம் மட்டும். பெரியப்பா சட்டியில தண்ணி, நுரை, றேசர் எல்லாம் கொண்டு வந்தார். அப்பா கதிரையில சாஞ்சு, தலையைப் பின்னால போட்டு, கையை நெஞ்சில கோத்துக்கொண்டு கண்ணை மூடினார். பார், நான் சொன்னது சரிதானே எண்டு அம்மாவைப் பாத்தன். சட்டியை என்னட்டத் தந்தவை. கப்பல் ஆடுது, ஆனா பெரியப்பான்ர கை ஆடேல்ல. கொஞ்சம் கொஞ்சமா, சின்னப் பிள்ளைக்குச் சோறு தீத்திற மாதிரி வழிச்சார்.

எல்லாரும் பேசாமல் இருந்தால் எனக்கு வாய் கடிக்கும். "பெரியப்பா, பாருங்கோ, அப்பா செத்த ஆள் மாதிரிக் கிடக்கிறார்" எண்டன்.

அம்மா மற்றப் பக்கம் திரும்பினா. பெரியம்மா என்னை அதட்ட வாயெடுத்தவ, விட்டிட்டா. பெரியப்பான்ர கை அப்பான்ர நாடியில நிண்டுது.

"ஓம் பிள்ளை" எண்டார். "ஐயாவும் இப்பிடித்தான் இருந்தவர்."

அப்பா கண்ணைத் திறக்கேல்ல. "இந்தப் பக்கம் இன்னும் கிடக்கு" எண்டு மற்றக் கன்னத்தைத் திருப்பிக் குடுத்தார்.

என்ர பகிடியைப் பெரிய ஆள் ஒராள் ஒத்துக்கொண்டிட்டார் எண்ட பெருமையோட, நான் சட்டித் தண்ணியைக் கடலில ஊத்திப்போட்டுப் புதுத் தண்ணி எடுக்க ஓடினன்.