புழுவுக்குள் நான்கு சிறகுகள்

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் மெழுகு உருவங்கள் செய்பவரை எல்லாரும் ‘மெழுகண்ணன்’ என்றே அழைத்தனர். அவர் செய்த ஆரஞ்சுப் பழத்தை உரிக்கப் போய் நகத்தை உடைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஆயினும் அவர் பெயர் எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இடம்பெற்றதில்லை. புதிய பூச்சிக்கூடத்தில்தான் முதன்முறையாகப் பொறிக்கப்படவிருந்தது. முழங்கை நீள மெழுகுப் புழுவும் கூட்டுப்புழுவும், பக்கவாட்டில் திறந்து உள்ளுறுப்புகள் தெரியும்படி, ஆயத்தமாக இருந்தன.

விழாவுக்கு முந்தைய நாள், பூச்சிகளை ஆராயும் அம்மையார் பார்வையிட வந்தார்.

“என்னண்ணே, கூட்டுப்புழுக்குள்ள வெறும் கூழா ஊத்தி வச்சிருக்கீங்க?”

“புழு கரைஞ்சு கூழாகி, அதுலேருந்துதானேம்மா பூச்சி வருது?”

“தசையெல்லாம் நிறைய கரையும், சரிதான். ஆனா சிறகு கூழ்லேருந்து வராது. புழுவா இருக்கும்போதே உள்ள முளை விட்டிருக்கும். வாங்க, காட்டுறேன்.”

அம்மையார் அறுத்துவைத்திருந்த நிஜப் புழுவை மெழுகண்ணன் நுண்ணோக்கியில் பார்த்தார். தலைக்குப் பின்னுள்ள இரண்டாம், மூன்றாம் வளையங்களில், பக்கத்துக்கு ஒன்றாக மெல்லிய பைகள். அவற்றில் நரம்புக் கோடுகளும் தெரிந்தன. கூடு கட்டும் பருவத்தில் அவை வெளிப்புறமாக மலர்ந்து விரியும் என்றும், கரைந்த தசை புதிய உறுப்புகளுக்கு ஊட்டமாகும் என்றும் அம்மையார் விளக்கினார். தின்று கொழுப்பதைத் தவிர வேறொன்றும் அறியாதது என்று மெழுகண்ணன் எண்ணியிருந்த புழு, தன் சிறகுகளைத் தானே சுமந்து திரிந்திருக்கிறது!

திரும்பி வந்ததும் கத்தியைச் சூடாக்கி இரண்டு உருவங்களையும் பிளந்தார். தலைமை அலுவலர் தலையிலடித்துக்கொண்டார்.

“யாருக்குய்யா தெரியப்போகுது? வேலை முடியலன்னு துணிபோட்டு மூடி வச்சா, நாளைக்கு உன் பேரையே வாசிக்க மாட்டாங்க!”

“தப்புக்குக் கீழயா சார் எம்பேரு?”

செய்தி கேட்டு வந்த மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள். “ஊரையே கூப்பிட்டு வச்சிருக்கேன். இப்பதான் உங்களுக்குப் புழு மேல பாசம் பொங்குதா?” என்றவள், மறுகணமே அடுப்பைப் பற்றவைத்தாள். “நிக்காம ஆகவேண்டியதப் பாருங்க. மெழுகு தானா உருகாது.”

வார்த்த சிறகுகள் எல்லாம் தடித்துப்போயின. கடைசியில் மெல்லிய சல்லாத் துணியை உருகிய மெழுகில் தோய்த்தெடுத்து, ஊசிமுனையால் நரம்பு கீறினார். மறுநாள் விருந்தினர்கள் மூடிய பெட்டியைக் கடந்து சென்றபோது, பின்கட்டில் நான்காம் சிறகு இடுக்கியின் நுனியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

“கைதட்டுறாங்க, கேக்குதா?” என்றாள் மனைவி.

“உஸ்! மூச்சு விடாதடி, பறந்துரும்.”