அப்பா அறைச் சுவர்

அண்ணன் கல்ஃபிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வந்தால் முதல் வேலை, வீட்டுக்குப் பெயிண்ட். எங்கள் பக்கம் பெயிண்ட் அடிக்காமல் யாரும் குடில் வைப்பதில்லை. அதில் எனக்கு ஒன்றுமில்லை. அப்பா அறையின் வெடிப்பையும் சேர்த்து மூடிவிடுகிறானே, அதற்குத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பக்கவாதம் வந்தபின் அப்பாவால் தானாக எழுந்திருக்க முடியாது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் அந்த வெடிப்பு அவர் தலைக்கு நேரே. டிசம்பரில் அண்ணன் அதன்மேல் பட்டிப் பசையைப் பூசி மூடுவான். ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கியதும் அது வாயைப் பிளக்கும். அப்போது அண்ணன் ஐயா இங்கே இருக்கமாட்டார்.

போன வருஷம் மழை தொடங்கியதும் நானே கொத்தனாரைக் கூட்டிவந்தேன். வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டினார். அது உடையாமல் நின்றால் சுவர் அசையவில்லை என்று அர்த்தம். வெடிப்பைக் கொஞ்சம் கொத்தி அகலமாக்கிக் கலவை அடைத்தால் போதும். உடைந்தால் பட்டி, கலவை எல்லாம் வீண். மாடித் தண்ணீர் அஸ்திவாரத்தில் இறங்குவதை முதலில் நிறுத்த வேண்டும். பிறகு குறுக்கே கம்பி வைத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். அண்ணனுக்கும் போனில் சொன்னேன்; இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

ஐப்பசியில் கண்ணாடி உடைந்தது. அண்ணனுக்குப் போட்டோ அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று பதிலாக வந்தது.

டிசம்பரில் வந்தவன், நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்துக் கண்ணாடியைச் சுரண்டி எறிந்து, பட்டி பூசி, இளநீலமும் அடித்துவிட்டான்.

“ஏட்டி, பண்டியலுக்கு ஆளு வரும்ப செவத்துல கண்ணாடிச் சில்லு இருந்தா என்ன நெனைப்பாவ? கம்பி வைக்கணும்னா ரூமையே இடிச்சுப் பொளிச்சுப் போடணும். அடுத்த லீவுல பாத்துக்கிடலாம்.”

வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும். அப்பா படுத்திருந்த கட்டிலை அப்படியே அறை வாசல் வழியாக வெளியே இழுத்தேன். குடில் வைக்க ஒதுக்கியிருந்த ஹாலுக்கு.

“மானத்த வாங்காத!” என்று அண்ணன் குறுக்கே வந்து நின்றான்.

அப்பாவின் பேச்சு குழறும். அன்றைக்குத் தெளிவாகவே வந்தது. “அடுத்த லீவுக்கு முன்ன நீ வரணும்னா நான் சாவணும், மக்கா. வேற எதுக்கு உனக்கு லீவு தருவான்?”

அண்ணன் கட்டிலின் மறுமுனையைப் பிடித்தான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்துதான் கேக் தின்றார்கள். உள்ளே, பெயிண்ட் வாசம்கூடப் போகாத சுவரைக் கொத்தனார் பாதி இடித்துப் போட்டிருந்தார்.