கோவிந்தாவுக்குப் பதில்

பாகாலாவிலிருந்து திருப்பதிக்கு நான் வேலைக்குப் போகும் ரயிலில் ஒரு பெரியவரைப் பார்ப்பேன். சட்டையில் பித்தானுக்குப் பதில் ஊக்கு, மடியில் ஆங்கில அகராதி. வண்டி நகர்ந்ததும் "கோவிந்தா!" என்று கத்துவார், மலைக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் "கோவிந்தா!" என்று பதில் கொடுப்பார்கள்.

ஒருநாள் அகராதியில் 'க்ரை' என்ற சொல்லைக் காட்டினார்.

"கத்துறது சார். ஆபத்துல சொந்த ஊர்க்காரங்கள ஒதவிக்குக் கூப்புடுற லத்தீன் வார்த்தையிலேர்ந்து வந்துதாம். யாராச்சும் வருவாங்கன்னு நம்பித்தானே கத்தியிருப்பான்?"

"தினமும் மலைக்குப் போறீங்களா சார்?" என்றேன்.

"எங்க சார்! திருப்பதியில எறங்கி அடுத்த வண்டியில திரும்பிப் போய்க்கினு இருக்கேன். சம்சாரம் போய்ச் சேர்ந்தப்பறம் வூட்ல ஒருநாள் கோவிந்தான்னு கத்திப் பார்த்தேன். பதிலே வரல."

இப்போதெல்லாம் அவர் வருவதில்லை. வண்டி நகரும்போது எனக்கும் கத்தத் தோன்றுகிறது. யாரும் பதில் சொல்லாவிட்டால் என்ற பயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன்.