ஆறு நிமிடப் பாட்டும் தலைமையாசிரியர் மீசையும்

கடைவீதியில் அந்த முடிதிருத்துபவருக்குப் பாட்டுக்காரர் என்று பெயர். அவர் பாடினால் கண்ணாடி விரிசல் விடும். அது வேறு விஷயம். பழைய பாட்டு வானொலியைக் காலை முதல் அலறவிட்டு, ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் கண்ணை மூடித் தலையை ஓர் ஆட்டு ஆட்டுவார். "ஆகா, என்ன ரசனை!" என்று நாற்காலியில் இருப்பவர் சிலிர்த்துப் போவார்.

ரசனையாவது மண்ணாவது! மனிதர் எண்ணிக்கொண்டிருந்தார். சவரத்துக்கு ஒரு பாட்டு, முடிவெட்ட நான்கு, மீசைக்கு டை அடித்தால் இரண்டு. நடுவில் என்ன பாடுகிறார்கள் என்பது காதிலேயே ஏறாது. முடிவு மட்டும்தான் கணக்கு. எல்லாம் மூன்று நிமிடப் பாட்டுகள் என்பதால் பிழைப்பு ஒழுங்காக ஓடியது, ஒன்றே ஒன்றைத் தவிர. அது ஆறு நிமிடம். போன மாதம் அது குறுக்கே புகுந்ததில் தலைமையாசிரியரின் மீசை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு வாரம் பள்ளியில் யாரும் பாடத்தைக் கவனிக்கவில்லை என்று கேள்வி. மீசைமேல் பட்டாம்பூச்சி வந்து உட்கார்ந்ததாகவும் கேள்வி.

இந்த நேரம் பார்த்து வானொலிக்காரர்கள் பாட்டுப் பட்டியலைப் புதுப்பிக்கப் போவதாகவும், நேயர்கள் நிலையத்துக்கே வந்து தீர்ப்புச் சொல்லலாம் என்றும் அறிவித்தார்கள். கடைவீதி ஒரே குரலில் பாட்டுக்காரரை அனுப்பியது. மனைவி அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்:

"என்னங்க, மத்தியானம் ஒரு பாட்டு ரொம்ப நீளமா போகுமே, எனக்கு உசிரு. அதை மட்டும் தூக்கிடாம பாத்துக்கங்க."

"நான் இருக்கேன்ல?" என்றார். போவதே அதைத் தூக்கத்தான்.

நிலையத்தில் நாற்பது நாற்காலி, நாற்பது பென்சில். பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் அம்மாள் ஒவ்வொன்றிலும் முதல் பத்து விநாடியைப் போடுவார். 'இருக்கட்டும்', 'போகட்டும்' இரண்டில் ஒன்றில் கோடு போட வேண்டும். பாட்டுக்காரருக்கு வியர்த்தது. அவருக்கு வால்தானே பழக்கம்? தலையை எங்கே கண்டார்?

"அம்மா, கடைசி பத்து விநாடி போட முடியுமா?"

"எதுக்குங்க?"

"பாட்டோட அழகே அங்கதானே இருக்கு."

அரங்கில் மரியாதையான முணுமுணுப்பு எழுந்தது. அம்மாள் மட்டும் அசரவில்லை. "அந்த அழகை வீட்ல போய்க் கேட்டுக்கங்க."

நீளப் பாட்டு சோம்பேறியாகத்தான் தொடங்கும் என்று அவரே ஒரு முடிவுக்கு வந்தார். புல்லாங்குழல் ஒன்று கொட்டாவி விட்டபடி வந்ததும், 'போகட்டும்' மேல் பென்சில் முனை ஒடிய ஒரு கோடு! அடுத்தது மேளம் குதித்துக்கொண்டு வந்தது. குஷியில் எழுந்தே நின்றுவிட்டார்.

"இதைத் தினம் ரெண்டு வேளை போடுங்கம்மா!"

மற்ற முப்பத்தொன்பது பேரும் கைதட்டினார்கள்.

"காப்பாத்திட்டேன்" என்றார் வீட்டில், மனைவி முகத்தைப் பார்க்காமல். அவள் விழுந்து விழுந்து பரிமாறினாள்.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர் எப்படியோ மனம் தேறி மறுபடி வந்து உட்கார்ந்தார். மீசையில் டை ஏறியது. ஒரு பாட்டு முடிந்தது. அடுத்து, அதே மேளம். பாட்டுக்காரர் முகம் மலர்ந்தது. அப்போது கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து மனைவி ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"கேட்டீங்களா? நம்ம பாட்டு! நேயர் ஒருத்தர் எந்திரிச்சு நின்னு கேட்டாராம், இனிமே ரெண்டு வேளையாம்!"

"எது, இதா? இது சின்னப் பாட்டுல்ல?"

வாயிலிருந்து விழுந்ததை அள்ள முடியவில்லை. மனைவி அவரைப் பார்த்தாள். ஆசிரியர் கண்ணாடி வழியாக இருவரையும் பார்த்தார்.

"தூக்கத்தான் போனீங்க, இல்ல?"

"மீசைக்காகம்மா..." என்றார் பாட்டுக்காரர்.

"ஏம்ப்பா, எரியுது" என்றார் ஆசிரியர்.

மனைவிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. காலி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வானொலியின் சத்தத்தைக் கூட்டினாள்.

"இன்னும் மூணு சரணம் பாக்கி. நீங்க சார் மீசையைக் கழுவி விடுங்க. சாயங்காலமும் வருவேன், இந்த நாற்காலியில யாரையும் உக்கார வெக்காதீங்க."