ஐந்து வடையும் எழுபது வளைவும்

1. முதல் காட்சி

சுகாதார விழிப்புணர்வுப் பிரிவில் படக்காட்சி உதவியாளராக நான் கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்தபோது ஒரு புரொஜெக்டர், ஒரு லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர், ஒரு குறும்படம் ஆகியவற்றை என்னிடம் ஒப்படைத்தார்கள். குறும்படத்தின் பெயர் ‘நலமான பார்வை, வளமான வாழ்வு’. கண்புரை பற்றியது. மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். அதில் முதல் ஆறு நிமிடம் அதிகாரிகள் குத்துவிளக்கு ஏற்றுவார்கள்.

முதல் காட்சி திண்ணனூர் நாட்டில் (மலையில் ஊர்த்தொகுதிக்கு நாடு என்று பெயர்), சமுதாயக் கூடத்தில். மதியம் இரண்டு மணிக்கு ஜன்னல்களில் சாக்கு கட்டி இருட்டாக்கினோம். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கூடத்தின் சாவி வைத்திருப்பவர், பூட்டுவதற்காகக் காத்திருந்தார். ஒருவர் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வந்தவர். மூன்றாவது ஆள் தூங்கினார். நான்தான் குத்துவிளக்கை முழுதாகப் பார்த்தேன்.

என்னையும் நர்ஸ் செல்வியையும் அடிவாரத்திலிருந்து ஏற்றி வந்து, மறுபடி இறக்கிவிடுவது பெரியசாமியின் வாடகை ஜீப். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஆலத்தூர் நாட்டுக்காரர். வாசலில் நின்று என் பரிதாபத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஏனுங்க மேடம், உங்களுக்கு முன்னால இருந்த சாரு ஒரு சிரிப்புப் படம் வெச்சிருந்தாருங்க. அதப் போடுங்க. சனம் தானா வரும்.”

லேப்டாப்பில் தேடினேன். இருந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படம், மூன்று மணி நேரம், பதினோரு பாட்டு.

2. அந்தப் படம்

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மலையில் யாராவது முதல் பாட்டை எடுப்பார்கள், பதினொன்றும் முடியாமல் விட மாட்டார்கள்.

கதை ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு கஞ்சப் பண்ணையார். பாட்டுக் கேட்காமல் சோறு வேகாது என்று நம்பும் அவருடைய மனைவி. பிழைக்க வழியில்லாமல் சமையல்காரனாக அந்த வீட்டுக்குள் நுழையும் ஒரு பாட்டுக்காரன். அவனுக்குச் சமைக்கத் தெரியாது. மூன்று மணி நேரம் பாடியே சமாளிப்பான். தர்க்கம் பார்த்தால் முதல் ரீலிலேயே அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டும்.

ஆனால் மலையே அதற்கு வந்தது. மிளகு பறிப்பை நிறுத்திவிட்டு வந்தார்கள், மரவள்ளி மூட்டையைப் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். போனில் உலகத்துப் படமெல்லாம் பார்க்கிற பிள்ளைகளும் வந்தார்கள். வசனங்களை நடிகருக்கு முன்பாகக் கூடமே சொல்லிவிடும். மாராயி என்றொரு அம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்து பண்ணையாரை ஒருமையில் திட்டுவார். “இத்தன தடவ பாத்திருக்கீங்களே, அலுக்கலையா?” என்று கேட்டேன். “தெனமுந்தா சோறு திங்கறோம்” என்றார்.

படத்தில் பாட்டோ வசனமோ இல்லாத இடம் ஒன்றே ஒன்று உண்டு. இடைவேளை முடிந்ததும் வரும். பண்ணையார் இலையில் ஐந்து வடை. சுவர்க் கடிகாரம் ஐந்து அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் தூணுக்குப் பின்னாலிருந்து சமையல்காரன் கை நீளும், ஒரு வடை காணாமல் போகும். பண்ணையார் பூனையைச் சந்தேகப்படுவார். கூடத்தின் ஓடு அதிர்கிற மாதிரி சிரிப்பார்கள்.

3. மேலிடம்

புதிதாக வந்த அதிகாரி ஒரு நாள் போனில் அழைத்தார்.

“மேடம், ஜனங்க சிரிக்கிறதுக்கு கவர்ன்மென்ட் எதுக்கு கரன்ட் செலவு பண்ணணும்? நம்ம குறும்படத்துல சிரிக்கிற மாதிரி எதுவும் இல்லையா?”

“இருக்குங்க சார். குத்துவிளக்கு காத்துல அணைஞ்சு போற எடம் ஒண்ணு இருக்கு.”

மறுவாரமே தபாலில் உத்தரவு வந்தது. ‘பொழுதுபோக்குப் படங்களைத் திரையிடுதல் அறவே தவிர்க்கப்பட வேண்டும்.’ நான் அதைப் பத்திரமாகக் கோப்பில் வைத்தேன். பிறகு படத்தைச் சரியாக இடைவேளையில் நிறுத்தி, அங்கே குறும்படத்தைச் செருகினேன். கேட்டால், கண் நலப் படத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இசை என்று சொல்லிக்கொள்ளலாம். வடைக் காட்சி பாக்கியிருக்கும்போது எவரும் எழுந்து போக மாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு குத்துவிளக்கைப் பார்த்தார்கள்.

பெரியசாமி மட்டும் ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தில் எழுந்துவிடுவார். “வண்டிக்குத் தண்ணி ஊத்தீட்டு வாரேனுங்க.” வடைக்குச் சரியாகத் திரும்பிவிடுவார். கண்புரைப் படத்தை வருடக்கணக்கில் மலையேற்றிய மனிதர் அதை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

4. லேப்டாப் நின்ற நாள்

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. படம் ஓட்டுகிறவர் திரையைப் பார்ப்பதில்லை. திரை எப்படியும் நேற்று காட்டியதையே காட்டும். நாங்கள் ஆட்களின் முகத்தைப் பார்ப்போம்.

அன்று ஆலத்தூர் நாட்டில் காட்சி. வடைக் காட்சி தொடங்கியது. கடிகாரம் ஒன்று அடிப்பதற்குள் லேப்டாப் ஹேங் ஆகி, பண்ணையார் வாயைத் திறந்தபடி திரையில் உறைந்துவிட்டார். சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“போச்சு, நின்னு போச்சு” என்றார் மாராயி. கூடம் முணுமுணுத்தது.

டங் என்று கடிகாரம் அடித்தது. கதவோரம் ஒரு சிரிப்பு. பெரியசாமி. மறுபடி டங். மறுபடி சிரிப்பு. முகத்தைத் திரைக்கு நேராக வைத்துக்கொண்டு, தொடையில் தட்டி, ஒவ்வொரு வடைக்கும் கச்சிதமாகச் சிரித்தார். மூன்றாவது வடை போகும்போது கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. அந்த மௌனம் அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். நான்காவது மணிக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

திரையில் வெளிச்சம் இருப்பது அவருக்குத் தெரிகிறது. அதில் படம் நிற்கிறதா ஓடுகிறதா என்பது தெரியவில்லை. இவருடைய ஜீப்பில்தான் வாரம் இரண்டு முறை எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறேன்.

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. “இருட்டறதுக்குள்ள எறங்கிரலாமுங்க” என்று முதல் காட்சியிலிருந்தே பகலில் வைக்கச் சொன்னது அவர்தான். “மேடம், எதுக்க பஸ் வருதுங்களா?” என்று வளைவுக்கு வளைவு கேட்பார். நான் பேச்சுத்துணைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். “போர்டுல என்ன நம்பருங்க?” என்பார். செல்வி அதை விளையாட்டு என்று நினைத்து ஒவ்வொரு வளைவின் எண்ணையும் கூவுவாள். மாதக்கணக்கில் நாங்கள் அந்த ஜீப்புக்குச் சம்பளமில்லாத கண்களாக வேலை பார்த்திருக்கிறோம். அவளும் நானும் கண் நலத்தில் பயிற்சி பெற்றவர்கள், சான்றிதழ் வைத்திருக்கிறோம்.

5. சாவி

காட்சி முடிந்து சாமான்களை ஏற்றியாகிவிட்டது. பெரியசாமி ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார். நான் எட்டிச் சாவியை உருவிக்கொண்டேன்.

“என்னங்க மேடம்?”

“இன்னிக்கு நாங்க பஸ்ஸுல போறோம்ணா. நீங்களும் எங்ககூட பஸ்ஸுல வாங்க. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி.”

அவர் தணிந்த குரலில் சொன்னார்:

“ஊட்ல சொல்லிறாதீங்க. இந்த ஜீப்புதானுங்க சோறு. எழுவது வளைவும் எனக்கு மனப்பாடமுங்க. கண்ண மூடிட்டே ஓட்டுவேன்.”

“இத்தன நாளும் அதத்தாண்ணா செஞ்சிருக்கீங்க.”

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. செல்வி கீழே இறங்கி நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆப்பரேசன்னா கண்ண வெளிய எடுத்துக் கழுவி வெப்பாங்களாமுங்க. மறுபடி பொருந்துலீன்னா?” என்றார் பெரியசாமி.

கண்ணை எடுக்க மாட்டார்கள், மங்கிப்போன வில்லையை மட்டும்தான் மாற்றுவார்கள் என்று எங்கள் குறும்படத்தில் ஒரு டாக்டர் தெளிவாகச் சொல்கிறார். பதினான்காவது நிமிடம். அந்த நிமிடத்தில் இந்த மனிதர் மாதக்கணக்காக ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

கூடத்துக்குள் திரும்பக் கூட்டிப்போனேன். திரையில்லாமல், வெறும் லேப்டாப்பில், அந்த ஒரு நிமிடத்தை மட்டும் மூன்று முறை போட்டுக் கேட்க வைத்தேன். குத்துவிளக்கைத் தள்ளிவிட்டேன்.

“இத முதல்லயே போட்டிருக்கலாமுல்லங்க?” என்றார்.

கேள்வி நியாயமானது.

6. அறிக்கை

இரண்டு கண்ணும் ஆப்பரேசனில் அடுத்தடுத்துச் சரியாயின. டாக்டர் அனுமதிக்கும்வரை ஜீப் சாவி என் கைப்பையில்தான் இருந்தது. பெரியசாமி கண்ணாடியுடன் வந்து முன்வரிசையில், மாராயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வடைக் காட்சியில் கூடமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எனக்குப் பக்கென்றது. படம் முடிந்ததும் வந்து சொன்னார்: “பண்ணையாருக்கு இத்தாம்பெரிய மீசைங்களா? மறந்தே போச்சுங்க. அதையே பாத்துட்டிருந்துட்டேன்.”

அதிகாரி நடந்ததைக் கேள்விப்பட்டு மேலே அறிக்கை அனுப்பினார். குறும்படத்தின் தாக்கத்தால் மலைவாழ் ஓட்டுநர் ஒருவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றதாக எழுதினார். குறும்படத்துக்குக் கேடயம் கிடைத்தது. விழாவில் குத்துவிளக்கு ஏற்றினார்கள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். சிரிக்க வந்த கூட்டத்தை இளப்பமாக நினைக்காதீர்கள். ஆட்கள் வருவது பழைய படத்துக்குத்தான். வந்தவர்களைப் பார்ப்பதுதான் நம் வேலை. நான் அதைத் தாமதமாகச் செய்தேன், மலைப்பாதை என்னை மன்னித்தது.

ஓய்வு பெற்ற பிறகு மாராயி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். அடிவாரத்தில் பெரியசாமி ஜீப்புடன் காத்திருந்தார். பாதி மலை ஏறியதும் ஹார்ன் அடித்துவிட்டுக் கேட்டார்:

“மேடம், எதுக்க பஸ் வருதுங்களா?”

முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். பாதை காலியாக இருந்தது. திரும்பினால், அவர் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

“முப்பத்தி நாலாவது வளைவுண்ணா, ரோட்டப் பாத்து ஓட்டுங்க” என்றேன்.

“தெரியுமுங்க. போர்டுல அந்த நாலுக்குப் பெயின்ட் உதிந்து கெடக்குது பாருங்க.”