ஓர் இரவு ஊறிய கிழங்கு

என் அண்ணன் மனைவி கிபங்குவுக்குப் பொறுமை என்பதே கிடையாது. அடுப்பில் வைத்த பானை கொதிப்பதற்குள் மூன்று முறை மூடியைத் திறந்து பார்ப்பாள். எங்கள் குவாங்கோ மேட்டில் அவளைப் போல் வேகமாக நடக்கிறவளும் இல்லை, அவளைப் போல் வாயாடுகிறவளும் இல்லை. என்னைத் தவிர என்று ஊரார் சொல்வார்கள், சொல்லட்டும். அண்ணன் வைரம் தோண்டுகிறேன் என்று அங்கோலா எல்லையைத் தாண்டிப் போய்விட்டான். சேதியும் இல்லை, காசும் இல்லை. பதினொரு வயது மகள் மகியேசேயையும் ஏழு வயது மகன் பஸ்காலையும் அவள்தான் ஒற்றை ஆளாக வளர்த்தாள்.

அந்த வருஷம் வெயில் காலத்தில் தலைநகர் கின்ஷாசாவிலிருந்து கிழங்கு மாவு வாங்க லாரிகள் அடிக்கடி வந்தன. எங்கள் கிழங்கு கசப்பு மரவள்ளி. மூன்று இரவு ஓடைக் குழியில் ஊறினால்தான் அதிலுள்ள விஷம் இறங்கும். இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். ஆனால் லாரிக்காரன் மூன்று இரவு காத்திருப்பானா? ஒருத்தி ஓர் இரவில் எடுத்தாள், அதைப் பார்த்து அடுத்தவள் எடுத்தாள். கிபங்குவும் எடுத்தாள். லாரிக்குப் போனது போக மிஞ்சிய மாவு வீட்டுக் கூடைக்கு வந்தது. பயறும் மீனும்கூட விலைக்குப் போய்விட்டதால் காலையும் மாலையும் வெறும் களிதான்.

ஒரு நாள் மகியேசே வெகுதூரம் நடந்து விறகு சுமந்து வந்தாள். மறுநாள் விடிந்ததும் பாயிலிருந்து எழுந்தவள் அப்படியே விழுந்தாள். தூக்கி நிறுத்தினோம். இரண்டு கால்களும் உலக்கை போல் விறைத்து, ஒன்றின் மேல் ஒன்று பின்னிக்கொண்டு நடுங்கின. குதிகால் தரையைத் தொடவே இல்லை.

வாசலில் கூடியவர்கள் ஒரே ஒரு சொல்லைத்தான் சொன்னார்கள். கோன்ஸோ. மானின் காலைக் கட்டிப்போட வேடர்கள் வைக்கும் மந்திரத்துக்கு அதுதான் பெயர்.

எங்களில் பிள்ளைகள் மேல் அதிகாரம் தாய்மாமனுக்குத்தான்; ஒரு பிள்ளைக்குத் தீங்கு வந்தால் முதல் சந்தேகமும் அவர் மேல்தான். கிபங்கு தன் அண்ணன் மசம்பாவின் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினாள்.

"என் புள்ள காலைக் கட்டிட்டியே பாவி! அவிழ்த்து விடுடா!"

மசம்பா பதிலுக்குக் கத்தவில்லை. கண் கலங்கிவிட்டது அவருக்கு. "நான் கட்டியிருந்தா என் கையி அழுகிப் போகட்டும். சத்தம் போட்டது போதும், புள்ளயத் தூக்கு" என்றார். தானே மருமகளை முதுகில் ஏற்றிக்கொண்டு மருத்துவக் குடிலுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

நர்ஸ் முசங்கு சின்னச் சுத்தியலால் பிள்ளையின் முழங்காலில் லேசாகத் தட்டினார். கால் விருட்டென்று எகிறியது.

கிபங்குவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா, உயிர் இருக்கு! ஆடுது!"

"ரொம்ப ஆடுது. அதான் கெடுதி" என்றார் முசங்கு. பாதத்தைக் கிள்ளினார். பிள்ளை "ஆ, வலிக்குது" என்றாள்.

"இங்க பாருங்கம்மா. மூளையிலேருந்து முதுகுத்தண்டு வழியா காலுக்கு நரம்பு போகுது. மேல போற பாதை வேற, கீழ வர்ற பாதை வேற. வலி, கூச்சமெல்லாம் மேல போகும். அந்தப் பாதை நல்லா இருக்கு. 'நட', 'நில்லு', 'அடங்கு'ன்னு மூளை சொல்றது கீழ வரணும். அந்தப் பாதைதான் கெட்டுப்போச்சு. அடக்க ஆளில்லாததால காலு தானா விறைக்குது, தானா எகிறுது."

"எப்ப சரியாகும்?"

அவர் கூரையைப் பார்த்தார். "செத்த நரம்பு திரும்பி வராதும்மா. கோல் ஊனி நடக்கலாம். கிழங்கு எத்தன ராத்திரி ஊறிச்சு?"

நான்தான் சொன்னேன். "ஒண்ணு."

"வீட்டுல அதே களியத் தின்னது வேற யாரு?"

பஸ்கால் மாமனின் விரலைப் பிடித்துக்கொண்டு சுத்தியலையே ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தான். கிபங்கு அவனைப் பார்த்தாள்.

"இது சொல்லிட்டு வராது. ஒரு காலையில சட்டுனு வரும். அந்த மாவத் தொடாதீங்க. விஷத்த முறிக்கப் பயறு குடுங்க, மீன் குடுங்க. பாரம் தூக்க விடாதீங்க" என்றார் முசங்கு.

அன்றிலிருந்து அந்த வீட்டில் விடியல் என்றாலே நடுக்கம்தான். கிழக்கு வெளுப்பதற்குள் கிபங்கு மகன் பாதத்தை வருடிப் பார்ப்பாள். "கூசுதும்மா" என்று அவன் காலை இழுத்துக்கொள்வான். அதனால் என்ன? கூச்சம் மகியேசேக்கும்தான் இருந்தது. தொட்டுத் தெரிந்துகொள்ள முடியாத நோய். அவன் எழுந்து நின்றால்தான் நெஞ்சுப் பாரம் இறங்கும்.

"பஸ்கால், எந்திரிச்சு நில்லு."

அவன் நிற்பான். அன்றைய பயம் முடியும். பொழுது சாய்ந்ததும் அடுத்த நாளின் பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

புதுக் கிழங்கைக் கணக்காக மூன்று இரவு ஊறவைத்தாள். அது காய்ந்து மாவாகும்வரை பிள்ளைகளுக்கு, மூன்று இரவு ஊறிய என் வீட்டு மாவைக் கொடுத்தேன். என்னிடமும் கொஞ்சம்தான் இருந்தது. பிள்ளைகளுக்கு என் மாவுக் களியும் பயறும் போட்டுவிட்டு, "எனக்குப் பசிக்கல ஃபிலோ" என்பாள். நானும் நம்பினேன். பொறுமையில்லாதவள் பசியை மட்டும் பொறுப்பாள் என்று எப்படித்தான் நம்பினேனோ! பழைய கூடையைக் காட்டில் கொட்டிவிட்டதாகச் சொன்னாள். கொட்டவில்லை. பிள்ளைகள் தூங்கியபின் அந்த மாவைக் கிண்டித் தின்றிருக்கிறாள். விடிந்தால் மகள் சுமக்க வேண்டிய விறகையும் தண்ணீரையும் சேர்த்துச் சுமந்தாள்.

ஒரு விடியலில் மாவு கொடுக்கப் போனேன். பாயில் உட்கார்ந்தபடி, "பஸ்கால், எந்திரிச்சு நில்லு" என்றாள். அவன் எழுந்தான். சலித்துப்போனவன் போல, "தெனமும் இதேதானாம்மா? இந்தா, ஓடியே காட்டுறேன்" என்று வாசலுக்கு ஓடினான். மாமரத்தைச் சுற்றிவந்து, "நீயும் வா!" என்று கூப்பிட்டான்.

அவள் சிரித்துக்கொண்டே கையை ஊன்றி எழுந்தாள். பாதி எழுந்தவள் நின்றாள். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கால்கள் பின்னிக்கொண்டன. நான் தாங்குவதற்குள் விழுந்துவிட்டாள். குதிகால்கள் தரையைத் தொடாமல் நடுங்கின.

மூலையில் கிடந்த கூடை அப்போதுதான் என் கண்ணில் பட்டது. அடிமாவு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏன்டி, அதையா தின்ன? புத்தி கெட்டவளே, அதையா தின்ன?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் காலையும் பார்க்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலையே எட்டி எட்டிப் பார்த்தாள்.

"அவன் நிக்கிறானா ஃபிலோ? எனக்கு இங்கேருந்து தெரியல. நிக்கிறானா?"

"நிக்கிறான் அண்ணி" என்றேன்.